பள்ளி வாசலில் ஒரு பவளமல்லி

ஏப்ரல் மாத இறுதி. ஆண்டுத் தேர்வு முடிந்து, விடுமுறைக்கு முன் வளாகத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு காய்ந்த குச்சி நின்றது. ஓர் இலைகூட இல்லை. பட்டை வெளிறிக் கிடந்தது. குழந்தைகள் ஓடும் இடம், கண்ணில் குத்திவிடப் போகிறதே என்று பிடித்து இழுத்தேன். கொஞ்சம் முரண்டுபிடித்து வந்தது. குப்பையோடு போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டேன்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் நாளே, எட்டாம் வகுப்புக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி கொடிக்கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு நேராக என்னிடம் வந்து, “டீச்சர், என் செடி எங்க டீச்சர்?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முந்தைய ஆண்டு அவள் தன் அம்மாயி வீட்டிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து நட்ட பவளமல்லி அது.

“அது செத்துப்போச்சும்மா. காஞ்சு குச்சியாயிடுச்சு.”

“கோடையில அப்படித்தான் டீச்சர் இருக்கும். எங்க அம்மாயி வீட்டு மரமும் மொட்டையாத்தான் நின்னுச்சு. இப்பதான் துளிர்க்குது.”

நான் தாவரவியல் படித்தவள். இலையுதிர் தாவரங்கள் என்ற பாடத்தைப் பதினான்கு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். கரும்பலகையில் தேக்கையும் வாதுமையையும் எடுத்துக்காட்டாக எழுதிப்போட்டு, “கோடையில் நீர் இழப்பைக் குறைக்க இலைகளை உதிர்க்கின்றன” என்று சொல்லத் தெரிந்த எனக்கு, வாசலில் நின்ற ஒன்றை அடையாளம் தெரியவில்லை. இழுத்தபோது வேர் முரண்டுபிடித்ததும், அடியில் அது ஈரமாக இருந்ததும் அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்து உறுத்தின.

அந்த மாணவிக்குக் கடன்பட்டு நான் பவளமல்லி வளர்க்கக் கற்றுக்கொண்ட கதைதான் இந்தக் கட்டுரை. பல பள்ளிகளில் இந்தச் செடியை யாராவது ஒருவர் நட்டிருப்பார்கள். அதில் பாதியாவது என்னைப் போன்ற யாரோ ஒருவர் கையால் கோடையில் போயிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

செத்ததா, தூங்குகிறதா?

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு செடி உயிரோடு இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. நகத்தால் அதன் பட்டையை ஓரிடத்தில் மிக லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து, பொடிந்து வந்தால் அந்தக் கிளை போய்விட்டது. அப்போதும் அவசரப்பட வேண்டாம். சற்றுக் கீழே இறங்கி இன்னோர் இடத்தில் கீறுங்கள். நுனி காய்ந்த பல செடிகள் அடியில் பச்சையாக இருக்கும். இரண்டு நிமிட வேலை. அந்த ஏப்ரலில் நான் இதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

இலை உதிர்வதை மாணவர்கள் பெரும்பாலும் ஒரு நோயாகவோ, மரணமாகவோதான் நினைக்கிறார்கள். உண்மையில் அது செடி தானே செய்துகொள்ளும் வேலை. இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும் இலைத்துளைகள் வழியே நீராவிப்போக்கு நடந்துகொண்டே இருக்கிறது. மண்ணில் ஈரம் குறையும் மாதங்களில் அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அதனால் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, பயன்படக்கூடிய சத்துகளைத் தண்டுக்குள் இழுத்துக்கொண்டு, காம்பின் அடியில் ஒரு மெல்லிய செல்லடுக்கை உருவாக்கி, அந்த இடத்தில் இலையைக் கழற்றி விடுகிறது. பச்சை போன பிறகு இலை மஞ்சளாவதும் இதனால்தான். விழுந்த இலையின் காம்பு நுனியைப் பாருங்கள். பிய்த்தது போல இருக்காது, கத்தியால் நறுக்கியது போல இருக்கும். கையால் பறித்த பச்சை இலை ஒன்றையும் தானே உதிர்ந்த இலை ஒன்றையும் அருகருகே வைத்துக் காட்டினால் ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கும் வேறுபாடு புரிந்துவிடும்.

தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் வீட்டுத் தோட்டங்களில் பவளமல்லி முழுவதும் மொட்டையாவதில்லை. இலை பழுத்து, சுருங்கி, பாதி கொட்டி, பார்க்கச் சலிப்பூட்டும் கோலத்தில் நிற்கும். தண்ணீர் ஊற்ற ஆளில்லாத பள்ளி வளாகத்தில்தான் முழு மொட்டையாகிறது. அதனால் ஆபத்தும் அங்கேதான் அதிகம்.

பள்ளி நாட்காட்டியும் செடியின் நாட்காட்டியும்

பள்ளியில் வளர்க்கும் எந்தச் செடிக்கும் இல்லாத ஒரு சிக்கல் இதற்கு உண்டு. அது நம் கால அட்டவணைக்கு ஒத்துவராது.

மல்லிகை கோடையில் கொட்டும். பவளமல்லி ஆண்டின் பின்பாதிக்கு வரும். ஜூனில் பள்ளி திறக்கும்போது துளிர் விடுகிறது. ஜூலை, ஆகஸ்டில் இலையும் கிளையுமாகத் தழைக்கிறது. காலாண்டுத் தேர்வு நேரத்தில் கிளை நுனிகளில் மொட்டு தெரியத் தொடங்கும். அக்டோபர், நவம்பரில்தான் உச்சம். அரையாண்டுத் தேர்வின்போது பூ குறைந்து, தட்டையான பச்சைக் காய்கள் தொங்கும். பொங்கலுக்குப் பின் காய்கள் பழுப்பாகி உலரும். பிப்ரவரி, மார்ச்சில் இலை மஞ்சளாகிக் கொட்டும். ஆண்டுத் தேர்வின்போது குச்சியாக நிற்கும். மழையையும் மண்ணையும் பொறுத்து ஊருக்கு ஊர் சில வாரங்கள் முன்பின்னாகலாம். ஆனால் வரிசை மாறாது.

ஆண்டு விழா, கல்வி அலுவலர் வருகை, மாணவர் சேர்க்கை என்று வளாகத்தை நாம் அழகுபடுத்திக் காட்ட நினைக்கும் மாதங்களில் எல்லாம் இது பரிதாபமாகத்தான் நிற்கும். பூக்கும் காலத்திலும் பிரச்சினைதான். மாலை மங்கிய பின் மலர்ந்து, விடியும்போது உதிர்ந்துவிடும். காலை 9 மணிக்கு வரும் நமக்கு மரத்தில் பூ இருக்காது, தரையில்தான் இருக்கும். அதுவும் பெருக்காமல் விட்டிருந்தால்.

எங்கள் பள்ளியில் முதல் பூக்கள் ஒருவர் கண்ணிலும் படாமலே போயின. தூய்மைப் பணியாளர் அக்கா ஏழரை மணிக்கே வந்து வாசலைப் பெருக்கிவிடுவார். ஒருநாள் அவரே, “என்ன டீச்சர், தினமும் ஏதோ வெள்ளைப்பூ கொட்டிக் கெடக்குது, பெருக்கிப் பெருக்கித் தள்றேன்” என்று சொன்னபோதுதான் செடி பூத்ததே எங்களுக்குத் தெரிந்தது. “அந்த இடத்த மட்டும் பிள்ளைங்க வந்த பிறகு பெருக்குங்கக்கா” என்று கேட்டுக்கொண்டோம். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசை நிற்கவில்லை. எல்லோரும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நடுவது எப்படி?

அந்த ஜூனில், என்னால் போன செடிக்கு ஈடாக, அதே மாணவியிடம் அதே மரத்திலிருந்து குச்சிகள் கேட்டேன். ஆடி மாதத்தில் ஆறு குச்சிகள் கொண்டுவந்தாள். பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், நன்றாக முதிராத, ஆனால் இளந்தளிரும் அல்லாத கிளைகள். கீழ்ப்பக்க இலைகளை நீக்கி, மணலும் மட்கிய எருவும் கலந்த மண் நிரப்பிய பாலித்தீன் பைகளில் இரண்டு கணு மண்ணுக்குள் இருக்குமாறு ஊன்றி, வேப்ப மர நிழலில் வைத்தோம். ஆறில் இரண்டுதான் பிழைத்தன. இது மோசமான கணக்கு அல்ல என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஒரு செடி வேண்டுமென்றால் ஐந்தாறு குச்சி ஊன்றுங்கள்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். காய் தட்டையாக, ஏறக்குறைய இதய வடிவில், ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் இருக்கும். உலர்ந்த காய் இரண்டு பாதியாகப் பிரியும். பாதிக்கு ஒரு விதை. ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, விரல் நுனி ஆழத்தில் ஊன்ற வேண்டும். பழைய விதை சரியாக முளைக்காது, அந்த ஆண்டின் விதையே நல்லது. முளைக்க வாரக்கணக்கில் ஆகும். இரண்டாவது வாரமே தோண்டிப் பார்க்கும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். எங்கள் வகுப்பிலும் இருந்தார்கள்.

விதைக்கன்று பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். குச்சியில் வந்தது சீக்கிரம் பூக்கும். ஆசிரியர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு விதை ஊன்றினால், அவர்கள் பூவைப் பார்க்கப்போவதில்லை. விதையென்றால் இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பென்றால் குச்சி அல்லது நாற்றங்காலிலிருந்து வாங்கிய வளர்ந்த கன்று. பள்ளியில் மரம் நடும் நாளில் பெரும்பாலும் உயர் வகுப்பு மாணவர்களைத்தான் நிறுத்தி நிழற்படம் எடுக்கிறோம். இந்தச் செடிக்கு அது பொருந்தாது.

இடத்தேர்வில் மூன்று தவறுகளைத் தவிர்த்தால் போதும். முதலாவது, கை கழுவும் இடத்துத் தண்ணீர் தேங்கும் பகுதி. பவளமல்லி வறட்சியைத் தாங்கும், வேரில் நீர் நிற்பதைத் தாங்காது. எங்களுடையது களிமண் பூமி. அதனால் ஒன்றரை அடிக் குழி எடுத்து, மண்ணோடு மணலும் தொழுவுரமும் கலந்து நிரப்பி, தரையைவிட ஒரு சாண் உயரமாக மேடு கட்டி அதில் நட்டோம். வடகிழக்குப் பருவமழையில் சுற்றிலும் குளமாக நின்றபோதும் மேடு காப்பாற்றியது. இரண்டாவது, வகுப்பறைச் சன்னலை ஒட்டிய இடம். மழைக்காலத்தில் இதன் இலைகளைத் தின்ன மயிர்ப்புழுக்கள் வரும். நாங்கள் கம்பளிப்பூச்சி என்கிறோமே, அதுதான். பட்டால் அரிக்கும், தடிக்கும். கூட்டமாகத் தண்டில் ஒட்டியிருக்கும்போது பெரியவர்கள் அந்தக் கிளையோடு வெட்டி அப்புறப்படுத்துவது நல்லது. பூச்சிமருந்து பள்ளி வளாகத்தில் வேண்டாம். மூன்றாவது, முழு நிழல். அரை நாள் வெயிலாவது படாவிட்டால் இலை வளரும், பூ வராது.

இடமே இல்லாத பள்ளிகளில் ஒன்றரை அடி வாயுள்ள சிமெண்டுத் தொட்டியிலும் வளர்க்கலாம். அடியில் துளை இருக்க வேண்டும். தொட்டிச் செடியைக் கோடையில் கைவிட்டால் பிழைக்காது. நிலத்துச் செடிக்கு இருக்கும் வேர் ஆழம் அதற்கில்லை.

கத்தரிப்பதைப் பற்றி ஒரு சொல். அந்த ஆண்டு தழைக்கும் புதுக் கிளைகளின் நுனிகளில்தான் பூ வருகிறது. ஆகவே காய் முற்றி உலர்ந்த பின், பிப்ரவரி மார்ச்சில், நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் ஜூனில் நிறையப் புதுக் கிளைகள் வெடிக்கும். அப்படியே விட்டால் சிறு மரமாக இருபது அடிக்கு மேலும் போகக்கூடியது. ஆகஸ்டுக்குப் பிறகு கத்திரி எடுக்கக் கூடாது. சுதந்திர தின விழாவுக்கு வளாகத்தை ஒழுங்குபடுத்தும் ஆர்வத்தில் பூ வைக்கப்போகும் நுனிகளை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டால் அந்த ஆண்டு வெறும் இலைதான்.

தரையில் கிடக்கும் பாடங்கள்

பூ வரத் தொடங்கிய பிறகு என் வேலை எளிதாகிவிட்டது. கேள்விகளைப் பிள்ளைகளே கேட்டார்கள்.

“எல்லாப் பூவும் கீழ விழுந்துடுதே டீச்சர், அப்புறம் காய் எப்படி வருது?” ஏழாம் வகுப்பில் வந்த இந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து, பிளேடால் குழலை நீளவாக்கில் நான் கீறிக் காட்டினேன். உள்ளே, குழலின் வாயை ஒட்டி, இரண்டு மகரந்தப் பைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சூலகத்தைத் தேடினோம். இல்லை. பிறகு செடியிடம் போய், பூ உதிர்ந்த காம்பைக் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். பச்சை நிறப் புல்லிவட்டம் ஒரு சிறு கிண்ணம் போல அப்படியே இருந்தது, அதற்குள் குண்டூசித் தலை போலச் சூலகம். விழுந்தது அல்லிவட்டமும் அதனோடு ஒட்டிய மகரந்தத் தாள்களும்தான். காயாக வேண்டியது கிளையிலேயே இருக்கிறது. பூவின் நான்கு வட்டங்களைச் செம்பருத்தியை வைத்து எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ‘அல்லி ஒட்டிய மகரந்தத் தாள்கள்’ என்பது என்னவென்று இந்த வகுப்பில்தான் பிள்ளைகள் முழுதாகப் பிடித்துக்கொண்டார்கள்.

இரவில் மலர்வதைப் பார்ப்பதற்கு ஒரு வழி செய்தோம். அன்றிரவு மலரவிருக்கும் மொட்டு மற்றவற்றைவிடப் பருத்து, வெண்மை வெளியே தெரியும்படி இருக்கும். அத்தகைய மொட்டுகள் உள்ள சிறு கிளைகளை மாலை நான்கு மணிக்கு நான்கைந்து மாணவர்களிடம் கொடுத்தனுப்பி, வீட்டில் தண்ணீர்க் குவளையில் வைத்துக் குறிப்பெடுக்கச் சொன்னோம். எந்த மணிக்கு விரியத் தொடங்கியது, எப்போது வாசம் வந்தது, எப்போது முதல் பூ விழுந்தது. ஒரு பையன் அதிகாலையில் அம்மாவை எழுப்பிவிடச் சொல்லிப் பார்த்திருக்கிறான். வெள்ளை நிறமும், இருட்டிய பின் கிளம்பும் வாசமும், நீண்ட குழலும் யாருக்காக என்று மறுநாள் கேட்டேன். வண்ணத்துப்பூச்சி என்றார்கள். “ராத்திரியிலயா?” என்றேன். அந்துப்பூச்சி என்ற விடை அவர்களிடமிருந்தே வந்தது.

தொடக்க வகுப்புகளுக்கு எண்ணிக்கைதான் விளையாட்டு. பவளமல்லியின் இதழ்கள் காற்றாடி போலத் திருகியிருக்கும். நுனி நடுவில் சற்று வெட்டுப்பட்டிருக்கும். எல்லாப் பூவிலும் இதழ் ஒரே எண்ணிக்கையில் இருக்காது. பெரும்பாலும் ஐந்திலிருந்து எட்டு வரை வரும். ஆளுக்குப் பத்துப் பூ என்று பொறுக்கி, ஐந்திதழ், ஆறிதழ், ஏழிதழ், எட்டிதழ் என்று தரையில் வரிசையாக அடுக்கினால், அடுக்கிய வரிசைகளே பட்டை வரைபடம். எது அதிகம் வந்தது என்று இங்கே நான் சொல்லப்போவதில்லை. உங்கள் மரத்தடியில் எண்ணிப் பாருங்கள்.

இலையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். முன்பு மரச்சாமான்களைத் தேய்த்து மெருகேற்ற இந்த இலையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இளங்கிளையை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் உருளாது, நான்கு பட்டையாக இருக்கும். பார்வைக் குறைபாடுள்ள மாணவன் ஒருவன் எங்கள் பள்ளியில் படிக்கிறான். வளாகத்தில் அவன் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் முதல் செடி இதுதான். இலையைத் தொட்டதும் சொல்லிவிடுவான்.

காம்பின் நிறம்

நாம் காம்பு என்று சொல்லும் அந்தச் செம்மஞ்சள் பகுதி உண்மையில் அல்லிக்குழல். அதிலுள்ள நிறமி குரோசெட்டின். குங்குமப்பூவின் நிறத்துக்கு அடிப்படையும் இதே குரோசெட்டின்தான். ஒரு கிராம் வாங்கவே நாம் யோசிக்கும் பொருளின் நிறம் நம் வாசலில் தினமும் கொட்டிக் கிடக்கிறது. பட்டுக்கும் பருத்திக்கும் இதைக்கொண்டு சாயம் ஏற்றும் வழக்கம் நம் நாட்டில் இருந்திருக்கிறது.

வெள்ளை இதழ்களைக் கிள்ளி நீக்கி, குழல்களை மட்டும் நிழலில் உலர்த்தி ஒரு புட்டியில் சேர்த்துவைத்தோம். ஒரு கைப்பிடி சேர்ந்ததும் வெந்நீரில் போட்டால் சில நிமிடங்களில் தண்ணீர் பொன்னிறமாகிறது. வெள்ளைப் பருத்தித் துணியை முதலில் படிகாரம் கரைத்த நீரில் நனைத்தெடுத்து, பிறகு இந்தச் சாயத்தில் ஊறவைத்தோம். நல்ல மஞ்சள் பிடித்தது. படிகாரம் இல்லாமல் முக்கிய துணி இரண்டு துவைப்பில் வெளுத்துவிட்டது. படிகாரம் சேர்த்ததும்கூட வெயிலில் போட்டால் மங்கத்தான் செய்கிறது. சாயம் ஏன் வெளுக்கிறது என்பதும் பாடம்தானே.

இதில் ஒரு சோதனை எதிர்பாராமல் அமைந்தது. அமிலம், காரம் பாடத்துக்குச் செம்பருத்திச் சாறு தயாரித்திருந்தோம். ஒரு மாணவி பவளமல்லிச் சாறிலும் எலுமிச்சையும் சோப்புத் தண்ணீரும் விட்டுப் பார்த்தாள். செம்பருத்தி நிறம் மாறியது, இது மாறவில்லை. “பரிசோதனை தப்பாயிடுச்சு டீச்சர்” என்றாள். தப்பாகவில்லை. செம்பருத்தியில் இருப்பது ஆந்தோசயனின், அமிலத்துக்கும் காரத்துக்கும் நிறம் மாறும் இயல்புடையது. இது கரோட்டினாய்டு வகை, அப்படி மாறாது. எல்லாப் பூச்சாறும் நிறங்காட்டி ஆகாது என்பதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருந்தால் அவளுக்கு மறந்துபோயிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் இதன் இலையைக் கஷாயம் வைக்கும் வழக்கம் வீடுகளில் உண்டு. மாணவர்களும் கேட்பார்கள். பள்ளியில் எந்தக் கஷாயமும் வைத்துக் கொடுக்க வேண்டாம். அது சித்த மருத்துவரின் வேலை.

பெயர்கள்

தமிழாசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களுள் ‘சேடல்’ என்று ஒன்று வருகிறது. அதைப் பவழக்கால் மல்லிகை என்று உரை விளக்குகிறது. பவழத்தாலான கால். எங்கள் தமிழாசிரியர் ஐயா இதைச் சொன்ன நாளிலிருந்து பிள்ளைகள் செடிக்குப் பலகை எழுதும்போது இரண்டு பெயரையும் எழுதுகிறார்கள்.

பாரிஜாதம் என்றும் இதற்குப் பெயர். கண்ணன் தேவலோகத்திலிருந்து கொண்டுவந்த மரம், சத்தியபாமை வீட்டு முற்றத்தில் நட்டும் பூவெல்லாம் ருக்மிணி வீட்டில் விழுந்தது என்ற கதையை ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது என்பவர்கள் இந்த ஒரு பூவுக்கு மட்டும் விலக்கு அளிப்பார்கள். ஆனால் பாரிஜாதம் என்ற பெயரில் வேறு செடிகளையும் அழைக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் கிந்தூர் என்ற ஊரில் பாரிஜாதம் என்று போற்றப்படுவது பிரமாண்டமான ஒரு பாவோபாப் மரம். அறிவியல் பெயர் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது.

அந்த அறிவியல் பெயர் நிக்டாந்தஸ் ஆர்பர்-டிரிஸ்டிஸ். லின்னேயஸ் 1753இல் வெளியிட்டது. இரவில் பூப்பது என்பது முற்பகுதியின் பொருள். சோக மரம் என்பது பிற்பகுதி. அதற்கு முன்பே, 1563இல் கோவாவில் அச்சான நூலில் கார்சியா த ஓர்த்தா என்ற போர்ச்சுகீசிய மருத்துவர் இந்த மரத்தைச் சோக மரம் என்றே குறித்திருக்கிறார். பகலில் பூவின்றி வாடியது போல நிற்பதால் வந்த பெயர். எனக்கு இந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. விடியற்காலையில் வந்து பார்க்காதவர்கள் வைத்த பெயர் என்று தோன்றும். வங்காளத்தில் இதையே ‘ஷியூலி’ என்கிறார்கள். அங்கே மேற்கு வங்க மாநிலத்தின் மலரே இதுதான். துர்கா பூசை நெருங்கிவிட்டது என்பதற்கு இந்த வாசம்தான் அடையாளம்.

அந்த மாணவி

குச்சி கொண்டுவந்து கொடுத்த மாணவி எட்டாம் வகுப்பு முடித்து, பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். அவள் போன ஆண்டு அக்டோபரில்தான் செடி பூத்தது. அவள் தம்பி எங்களிடம் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். முதல் நாள் பொறுக்கிய பூக்களில் ஒரு பங்கை அவனுடைய சாப்பாட்டு டப்பா மூடியில் வைத்துக் கொடுத்தனுப்பினேன். மாலையில் அவள் கைக்குப் போகும்போது வெள்ளை இதழெல்லாம் சுருண்டு பழுத்திருக்கும். என்ன செய்வது, அந்தப் பூவின் ஆயுள் அவ்வளவுதான். மறுநாள் தம்பி வந்து, “அக்கா காம்பை மட்டும் கிள்ளிக் காய வச்சிருக்கா டீச்சர், நெறையச் சேர்த்துத் தரச் சொன்னா” என்றான். சாயச் சோதனையை நாங்கள் தொடங்கியது அப்படித்தான். அவள் அம்மாயி அந்தக் காலத்தில் தாவணிக்கு இதில் நிறம் ஏற்றுவாராம்.

கோடை விடுமுறைக்கு இப்போது ஒரு ஏற்பாடு இருக்கிறது. மார்ச் கடைசியில் செடி இலை கொட்டியதும், ஆறாம் வகுப்பு மாணவர்கள் பட்டையை ஓரிடத்தில் கீறிப் பார்த்துத் தேதியோடு குறித்துவைக்கிறார்கள். ஒரே இடத்தில் பத்துப் பேர் கீறிவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அடியில் காய்ந்த இலைகளையே மூடாக்காகப் போடுகிறோம். பள்ளிக்கு அடுத்த தெருவில் இருக்கும் இரண்டு மாணவர்களும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரும் முறைவைத்து வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வெளிவாயில் சாவி அந்த உறுப்பினரிடம் இருக்கும். செடியின் மேல் ஓர் அட்டை கட்டியிருக்கிறார்கள். முதல் அட்டை மழையில் ஊறிப்போனதால் இப்போது பெயிண்ட் வாளி மூடியின் பின்புறத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள்: “இது சாகவில்லை. பிடுங்காதீர்கள்.” யாரை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை.

சென்ற தை மாதம் காய்களைச் சேகரித்தோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பைகளில் விதை ஊன்றினார்கள். ஐந்து முளைத்திருக்கின்றன.